பெரியம்மை போன கதை



அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு வீட்டில் ஞானஸ்நான விருந்துக்குச் சென்றிருந்தோம். குழந்தையைக் கையில் வாங்கிய பாட்டியாரின் சேலைத் தலைப்புச் சற்றே விலக, இடது புயத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் தெரிந்தன. அருகிலிருந்த பத்து வயதுப் பேரன் அவற்றைத் தடவிப் பார்த்து, "இது என்ன பாட்டி, சூடு பட்டதா?" என்று கேட்டான். பாட்டியார் சிரித்தார். "அம்மை குத்தினதுடா. அம்மை குத்துறவர் வர்றார்னா நாங்க எல்லாம் வைக்கோற்போருக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவோம்" என்றார். பையன் உடனே தன் சட்டைக் கையைத் தூக்கி, தனக்கும் ஒரு வடு இருப்பதைக் காட்டினான். அது வேறு, பிறந்தவுடன் காசநோய்க்காகப் போடப்படும் பி.சி.ஜி. ஊசியின் வடு. பெரியவர்களிலே பலரும் இவ்விரண்டையும் ஒன்றெனவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பையன் விடவில்லை. "அந்த நோய் எங்கே போச்சு பாட்டி?" என்றான். "போயே போச்சு" என்றார் பாட்டியார். அத்துடன் பேச்சு பாயசத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. பெரியம்மை தானாகப் போகவில்லை. மனிதர் தேடித் தேடி அதை அனுப்பி வைத்தனர். மனிதகுலம் தன் கையால் முற்றிலும் ஒழித்துக் கட்டிய மனித நோய் இன்றுவரை அது ஒன்றே. அது போன கதையை இத்திங்கள் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வைசூரி என்றும் பெரியம்மை என்றும் நம் முன்னோர் அஞ்சிய அந்நோயை இன்றைய இளந்தாய்மார் கண்டதில்லை. கண்டிராதது பெரும்பேறு. கிருமி உடலில் புகுந்து ஏறத்தாழ 12 நாட்கள்வரை ஆள் நலமாகவே இருப்பார். பின்னர்க் கடுங்காய்ச்சல், முதுகுவலி, வாந்தி. இரண்டு மூன்று நாட்களில் வாயிலும் முகத்திலும் கைகால்களிலும் முத்துக்கள் எழும்பிச் சீழ் கோத்துக்கொள்ளும். சின்னம்மையில் உடலின் நடுப்பகுதியிலேதான் கொப்புளம் மிகுதி. பெரியம்மையோ முகத்தையும், உள்ளங்கை உள்ளங்கால்களையும் கூட விடாது. பிழைத்தவர்க்குப் பொருக்கு உதிர்ந்து முகமெல்லாம் குழியாகும். சிலருக்குக் கண் போகும். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் முகத்தில் அம்மை வடு உண்டா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை நம் வீட்டு முதியோர் அறிவர்.

எத்தனை பேர் மாண்டனர்? இதற்குச் சரியான சான்று நம் சென்னையிலேயே உண்டு. தண்டையார்ப்பேட்டையிலுள்ள தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் என்பார், அங்கு வந்த ஏறக்குறைய 7,000 பெரியம்மை நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து 1972ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். உலக மருத்துவர்கள் இன்றும் மதிக்கும் நூல் அது. அம்மை குத்திக்கொள்ளாதவரில் மூவரில் ஒருவருக்கு மேல் இறந்தனர்; எப்போதாவது குத்திக்கொண்டிருந்தவரில் நூற்றுக்கு ஆறேழு பேரே இறந்தனர் என்று அவர் கணக்குக் கூறுகிறது. நோய் வந்தபின் அதை நீக்கும் மருந்து எதுவும் அந்நாளில் இல்லை. வேப்பிலையும் இளநீரும் தனியறையுமே வைத்தியம். நம் கத்தோலிக்க வீடுகளிலும் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். உள்ளே புனித செபஸ்தியாருக்கு மெழுகுதிரி எரியும். இரண்டையும் நாம் கேலி செய்ய மாட்டோம். வேறு கதியற்றோர் செய்தவை அவை. வேப்பிலையைக் கண்ட அயலார் உள்ளே வராமல் விலகிச் சென்றதில் ஒரு நன்மையும் இருந்தது.

இந்நோய் எவ்வளவு பழையது என்பதற்கு, கி.மு. 12ஆம் நூற்றாண்டில் இறந்த எகிப்து மன்னன் ஐந்தாம் ராம்சேஸின் பதப்படுத்திய உடல்மீது காணப்படும் கொப்புளத் தடங்களைச் சான்றாகக் காட்டுவர். 1520ஆம் ஆண்டில் ஸ்பானியருடன் மெக்சிகோவுக்குள் நுழைந்த இந்நோய், அங்குள்ள மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று, வாளால் முடியாததைச் செய்து முடித்தது. பிரான்சின் பதினைந்தாம் லூயி மன்னரை 1774இல் அது கொண்டு சென்றது. அரண்மனைக்கும் குடிசைக்கும் அது வேற்றுமை பார்க்கவில்லை.

புனிதையாக நாம் வணங்கும் ஒருவரின் முகத்திலும் அந்த வடு இருந்தது. 1656ஆம் ஆண்டு இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில், மோகாக் இனத் தந்தைக்கும் கிறிஸ்தவரான அல்கோன்குயின் இனத் தாய்க்கும் பிறந்தவர் கத்தேரி தெகாக்விதா. நான்கு வயதளவில் பெரியம்மை அவருடைய தந்தை, தாய், தம்பி மூவரையும் கொண்டுபோயிற்று. அவர் பிழைத்தார், ஆனால் முகத்தில் வடுவும் கண்ணில் மங்கலும் எஞ்சின. வெளிச்சம் தாங்காமல் போர்வையால் தலையை மூடிக்கொண்டு, கையால் வழி தடவி நடந்தாராம். இருபதாம் வயதில் ஞானஸ்நானம் பெற்று 24ஆம் வயதில் 1680இல் இறந்தார். அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டது 1980ஆம் ஆண்டு ஜூன் மாதம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், அதே ஆண்டு மே 8ஆம் நாள், பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று ஜெனீவாவில் அறிவித்தார்கள். இப்படி ஒரு பொருத்தம் அமைந்ததைக் கண்டு நாம் வியக்கிறோம்; அதற்குமேல் அதற்குப் பொருள் சொல்ல முற்படவில்லை. 2012இல் அவர் புனிதையாக உயர்த்தப்பட்டார்.

இந்நோயைத் தடுக்கும் வழியை முதலில் கண்டது ஐரோப்பா அன்று. நோயாளியின் கொப்புளத்திலிருந்து சிறிது சீழை எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி ஏற்றினால் நோய் இலேசாக வந்து போகும், பிறகு வராது என்பதை வங்காளத்தில் வழிவழியாக அறிந்திருந்தனர். ஊர் ஊராகச் சென்று இதைச் செய்தவர்கள் இருந்தார்கள். ஹால்வெல் என்ற ஆங்கில மருத்துவர் 1767இல் இலண்டன் மருத்துவர் சபைக்கு இதை விரிவாக எழுதினார். துருக்கி நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. அங்கே ஆங்கிலத் தூதரின் மனைவியாயிருந்த மேரி வோர்ட்லி மாண்டகு அம்மையார் 1718இல் தம் மகனுக்கு இதைச் செய்வித்தார். ஆயினும் இது நோயைக் கொண்டே நோயை விரட்டும் வழி. ஏற்றிக்கொண்டவரில் சிலர் இறந்தனர். அவரிடமிருந்து அயலாருக்குப் பரவுவதும் உண்டு.

1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் எட்வர்டு ஜென்னர் செய்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பசுவின் மடியில் வரும் கோவம்மை, பால் கறக்கும் பெண்ணின் கையில் தொற்றியிருந்தது. அக்கொப்புள நீரை எடுத்துத் தம் தோட்டக்காரரின் மகன், எட்டு வயது ஜேம்ஸ் பிப்ஸ் என்பவனுக்கு ஏற்றினார். ஆறு வாரம் கழித்து உண்மைப் பெரியம்மையையே ஏற்றிப் பார்த்தார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இலத்தீனில் பசுவுக்கு 'வாக்கா' என்று பெயர். பழைய இலத்தீன் பூசையைக் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு 'வாக்சின்' என்ற சொல்லின் பிறப்பு எளிதில் விளங்கும். இன்று எந்த நீதிமன்றமும் அனுமதிக்காத சோதனை அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பையனைப் பிற்காலத்தில் ஜென்னர் மறக்கவில்லை. குடியிருக்க வாடகையில்லா வீடு ஒன்றைக் கொடுத்தார்.

அடுத்த இடர், இம்மருந்தைக் கெடாமல் கொண்டுசெல்வது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு ஏற்றினால் மட்டுமே அது உயிரோடிருக்கும். ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோஸ், கடல் கடந்த தம் நாடுகளுக்கு இதை அனுப்ப முற்பட்டபோது, கண்டுபிடிக்கப்பட்ட வழி நெஞ்சை உறுத்துவது. 1803ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் லா கொருஞா துறைமுகத்திலிருந்து மருத்துவர் பால்மிஸ் தலைமையில் 'மரியா பித்தா' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் 22 அநாதைச் சிறுவர். மூன்று வயது முதல் ஒன்பது வயது வரை. ஒன்பது பத்து நாட்களுக்கு ஒருமுறை இருவர் கையில் மருந்தை ஏற்றுவார்கள். கொப்புளம் முதிர்ந்ததும் அதிலிருந்து அடுத்த இருவருக்கு. இப்படியே பிஞ்சுக் கைகளின் வழியாக அட்லாண்டிக் கடலைத் தாண்டிற்று அம்மைப்பால்.

அச்சிறுவரைப் பேண அநாதை இல்லத் தலைவி இசபெல் செந்தால் என்பவர் உடன் சென்றார். அவருடைய சொந்த மகனும் அக்கூட்டத்தில் ஒருவன். அவர் இல்லாதிருந்தால் கப்பலில் அக்குழந்தைகள் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது. ஊர் ஊராக ஆயர்களும் பங்குக் குருக்களும் மக்களை அழைத்து ஊக்கவேண்டும் என்று அரசாணை இருந்தது. மெக்சிகோவிலிருந்து வேறு 26 சிறுவரோடு பசிபிக் கடலைக் கடந்து 1805இல் மணிலாவையும் அடைந்தனர். இலட்சக்கணக்கானோர் பிழைத்தனர் என்பது மெய்யே. பெற்றோர் இல்லாத பிள்ளைகளை, அவர்களைக் கேட்காமல் மருந்துக் கலமாக ஆக்கினார்கள் என்பதும் மெய்யே. முதலில் சென்ற சிறுவர் எவரும் ஸ்பெயின் திரும்பவில்லை, மெக்சிகோவிலேயே வளர்ந்தனர்.

நம் நாட்டுக்கும் அது இதே வழியில்தான் வந்தது. பாக்தாத், பாஸ்ரா வழியாக ஆள் மாற்றி ஆள் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட மருந்து, 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் ஏற்றப்பட்டது. அந்த ஒரு கையிலிருந்துதான் அது இந்தியாவெங்கும் பரவியது. பிற்காலத்தில் கன்றுகளின் தோலில் அம்மைப்பால் தயாரிக்கும் முறை வந்தது. சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899இல் தொடங்கப்பட்டது முதலில் இதற்காகவே.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். தடுப்பு மருந்து கிடைத்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின்னும் பெரியம்மை ஏன் போகவில்லை?

சோவியத் நாட்டின் விக்டர் ஷ்தானவ் 1958இல் உலக சுகாதாரப் பேரவையில், இந்நோயை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்று முன்மொழிந்தார். மனிதரைத் தவிர வேறு எந்த உயிரிலும் இக்கிருமி தங்குவதில்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை பொதுவாக வருவதில்லை. நோய் கொண்டவரைப் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். ஆகவே முடியும் என்பது அவர் வாதம். இந்தியா 1962இல் தேசியத் திட்டம் தொடங்கியது. நூற்றுக்கு எண்பது பேருக்குக் குத்திவிட்டால் நோய் நின்றுவிடும் என்று கணக்கிட்டார்கள். கோடிக்கணக்கில் குத்தினார்கள். நோய் நிற்கவில்லை. கணக்கை நிரப்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் குத்தப்பட்டது. நடைபாதையில் படுப்பவர், செங்கற்சூளைத் தொழிலாளர், ஊர் ஊராய் அலைந்து பிழைப்போர் ஆகியோரை எவரும் அணுகவில்லை. நோயோ அவர்களிடம்தான் குடியிருந்தது. எண்பது தொண்ணூறு ஆனாலும், எஞ்சிய பத்துப் பேரிடத்தில் அது உயிர் வாழ்ந்தது.

கருவிகள் மேம்பட்டன. உறைய வைத்து உலர்த்திய மருந்து வெயிலிலும் கெடாமல் நின்றது. திருகித் திருகித் தோலைக் கிழித்த பழைய வட்டக் கருவிக்குப் பதிலாக முனை பிளந்த சிறு ஊசி வந்தது. ஒரு சொட்டு மருந்து, பதினைந்து குத்து, முடிந்தது. நம் பாட்டியார் வைக்கோற்போரில் ஒளிந்தது அந்தப் பழைய கருவிக்கு அஞ்சித்தான் என்று எண்ணுகிறோம். 1967இல் உலக சுகாதார நிறுவனம் டாக்டர் ஹெண்டர்சன் தலைமையில் தீவிர இயக்கத்தைத் தொடங்கியபோது, ஓராண்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயால் தாக்குண்டதாகவும் 20 இலட்சம் பேர் மாண்டதாகவும் மதிப்பிடப்பட்டது.

அதற்குச் சற்று முன்னர், 1966 டிசம்பரில், கிழக்கு நைஜீரியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி எல்லாவற்றையும் மாற்றிற்று. லுத்தரன் சபையின் மருத்துவப் பணியாளராக அங்குச் சென்றிருந்த வில்லியம் ஃபேகி என்ற இளம் மருத்துவருக்கு, ஒரு சிற்றூரில் அம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அவர் கையில் இருந்த மருந்து மிகக் குறைவு. எல்லாருக்கும் குத்த வழியில்லை. அந்நாளில் மிஷன் நிலையங்களில் பேசவும் கேட்கவும் வல்ல வானொலிக் கருவிகள் இருந்தன. மாலைதோறும் மறைபோதகர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்வது வழக்கம். ஃபேகியும் தோழர்களும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வானொலி வழியாக ஒவ்வொரு மறைபோதகரிடமும், தம் வட்டாரத்து ஊர்களுக்கு ஆள் அனுப்பி அம்மை கண்ட வீடு உண்டா என்று பார்த்துச் சொல்லுமாறு கேட்டனர். மறுநாள் மாலைக்குள் நோய் எங்கே உள்ளது என்பது வரைபடத்தில் தெரிந்துவிட்டது. அந்த ஊர்களில் மட்டும் குத்தினார்கள்; பிறகு அங்குள்ளோர் எந்தச் சந்தைக்குப் போவார்கள், எந்த ஊரில் சுற்றத்தார் இருக்கிறார்கள் என்று கேட்டு அங்கே குத்தினார்கள். மக்களில் பெரும்பாலோருக்கு மருந்து எட்டாமலேயே, சில மாதங்களில் அப்பகுதியில் நோய் இல்லாமற் போயிற்று.

இது எப்படி இயன்றது? காய்ச்சல் வருமுன் இந்நோய் பிறருக்குத் தொற்றுவதில்லை. நோயாளியோடு நெருங்கிப் பழகியோருக்கே பெரும்பாலும் பரவுகிறது. கிருமி புகுந்த மூன்று நான்கு நாட்களுக்குள் குத்திவிட்டால் நோயைத் தடுத்துவிடலாம். எனவே நோயாளி ஒருவரைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றி வேலி போட்டதுபோல் எல்லாருக்கும் குத்திவிட்டால், கிருமி போக இடமின்றி மடிகிறது. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனின் கணக்கு அரசாங்கக் கணக்காளருக்குப் புரிவதில்லை. இங்கே அந்தக் கணக்குத்தான் வென்றது.

இந்தியாவில் அது எளிதில் ஏற்கப்படவில்லை. 1973ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வீடு வீடாகத் தேடும் பணி தொடங்கியது. தென்மாநிலங்களில் நோய் அதற்குள் அடங்கியிருந்தது. வடக்கே உத்தரப்பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகியவையே அதன் கோட்டைகள். தேடத் தேட எண்ணிக்கை கூடியது. மறைக்கப்பட்டவை வெளிவந்தன என்பதே காரணம். பார்ப்பவர்க்கோ திட்டம் தோற்றதாகத் தோன்றிற்று. 1974ஆம் ஆண்டில் மட்டும் ஒரு இலட்சத்து 88 ஆயிரம் பேருக்கு நோய் கண்டது. மிகப் பெரும்பகுதி பீகாரில். அவ்வாண்டு மே 18ஆம் நாள் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துக் காட்டினோம். அணுவைப் பிளந்தவர்களால் அம்மையை அடக்க முடியவில்லையே என்று வெளிநாட்டு ஏடுகள் எழுதின.

பீகார் சுகாதார அமைச்சர் பொறுமை இழந்தார். தேடியது போதும், பழையபடி எல்லாருக்கும் குத்துங்கள் என்று ஒரு கூட்டத்தில் ஆணையிட முற்பட்டார். அப்போது ஓர் இளம் இந்திய மருத்துவர் எழுந்து, எங்கள் கிராமத்தில் ஒரு வீடு தீப்பற்றினால் அந்த வீட்டின்மீதுதான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டின்மீதும் ஊற்றமாட்டோம் என்ற பொருள்படப் பேசினார். அமைச்சர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அந்நிகழ்ச்சியைத் தம் நூலில் எழுதியுள்ள ஃபேகி, அந்த மருத்துவரின் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. வரலாற்றைத் திருப்பியவர்கள் பலர் இப்படித்தான் பெயரின்றி நிற்கிறார்கள்.

பிறகு நடந்தது பெரும் உழைப்பு. டாக்டர் எம்.ஐ.டி. சர்மா, டாக்டர் மகேந்திர தத்தா முதலிய நம் மருத்துவர்களும், பிரெஞ்சு நாட்டு நிக்கோல் கிராசே அம்மையார் போன்ற வெளிநாட்டாரும் முன்னின்றனர். இலட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளின் கதவைத் தட்டினார்கள். அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டை ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் அதைப் பார்த்து, "ஆம், அந்தத் தெருவில் இருக்கிறது" என்று சொல்லலாம். தகவல் தருவோர்க்கு முதலில் 50 ரூபாய், பிறகு 100, இறுதியில் 1,000 ரூபாய் பரிசு. நோயாளி வீட்டு வாசலில் இரவும் பகலும் காவலர் அமர்த்தப்பட்டனர். வீட்டார் வெளியே போகாதிருக்க அரிசியும் பருப்பும் வீடு தேடி வந்தன. கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்ற வீட்டில், நோயாளியைப் பூட்டி வைப்பதற்குமுன் அவன் அடுப்பை நினைத்தார்களே, அது நமக்கு மிகப் பிடித்திருக்கிறது.

ஆனால் எல்லாம் இப்படி அன்பாக நடக்கவில்லை. இதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. மறுத்தவர் வீட்டுக்கதவை உடைத்து, இரவில் பிடித்து அமுக்கிக் குத்திய நிகழ்ச்சிகள் பீகாரிலும் வங்காளதேசத்திலும் நடந்தன. அவற்றில் ஒன்றை அதில் கலந்துகொண்ட அமெரிக்க மருத்துவர் பிரில்லியண்டும் அவர் மனைவியுமே பின்னர் எழுதி வைத்தனர். சிங்பூம் மாவட்டத்தில் ஹோ என்னும் ஆதிவாசி இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர். நோயைத் தருவதும் எடுப்பதும் கடவுள், ஊசி வேண்டாம் என்று உறுதியாயிருந்தார். நள்ளிரவில் கதவை முறித்து உள்ளே புகுந்தார்கள். அவரும் மனைவியும் மக்களும் முடிந்தவரை போராடினார்கள். எல்லாருக்கும் குத்தி முடிந்தது. உடைகள் கிழிந்து, மூச்சு வாங்க நின்ற அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் கொல்லைக் கொடியிலிருந்து வெள்ளரிக்காய் பறித்து வந்து, கதவை உடைத்தவர்களுக்கே கொடுத்தார். என் கடமை கடவுள் சித்தத்துக்குப் பணிவது, ஆகவே எதிர்த்தேன். உங்கள் கடமை என்று நீங்கள் நம்பியதை நீங்கள் செய்தீர்கள். சண்டை முடிந்தது, இனி நீங்கள் என் வீட்டு விருந்தினர் என்று சொன்னாராம்.

இதைப் படித்தபோது நாம் நெடுநேரம் பேசாமலிருந்தோம். அவ்வீட்டில் நோய் இருந்தது; விட்டிருந்தால் அயலார் குழந்தைகள் மாண்டிருப்பார்கள். ஆகவே குத்தியது தவறு என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆயினும் பணக்காரர் தெருவில் நள்ளிரவில் எந்தக் கதவும் உடைபடவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பகலில் வந்து, அவர் மொழி அறிந்த ஒருவரை அழைத்து, திண்ணையில் அமர்ந்து பேசியிருக்கலாம் அன்றோ? நேரமில்லை என்பார்கள். அன்றிரவு ஒழுக்கத்தில் உயர்ந்து நின்றவர் யார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

1975 மே 17ஆம் நாள் பீகாரின் கடிஹார் மாவட்டத்தில், நம் நாட்டிலேயே பரவிய நோயால் பீடிக்கப்பட்ட கடைசி ஆள் கண்டறியப்பட்டார். ஒரு வாரம் கழித்து, மே 24ஆம் நாள், அசாமின் கரீம்கஞ்சு இரயில் நிலைய மேடையில் படுத்துப் பிச்சையெடுத்து வாழ்ந்த சைபன் பீபி என்ற பெண்ணுக்கு முத்துக் கண்டது. வங்காளதேசத்திலிருந்து நோயோடு வந்தவர். இந்திய மண்ணில் கடைசி நோயாளி அவரே. மூவாயிரம் ஆண்டுக் கொடுமையின் முடிவுரை, வீடே இல்லாத ஒரு பெண்ணின் உடலில் எழுதப்பட்டது. 1977 ஏப்ரலில் பன்னாட்டுக் குழு நம் நாடு விடுதலை பெற்றதை உறுதி செய்தது.

அவ்வாண்டே அக்டோபர் 16இல், வங்காளதேசத்தின் போலா தீவில் ரஹீமா பானு என்ற சிறுமிக்கு நோய் கண்டது என்று எழுதத் தொடங்கினோம். திருத்திக்கொள்கிறோம், அது 1975ஆம் ஆண்டு. வயது மூன்று. செய்தியைக் கொண்டுவந்தவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. 250 டாக்கா பரிசு பெற்றாள். உயிர்குடிக்கும் கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாக வந்தது உலகிலேயே அதுதான் கடைசி. ரஹீமா பிழைத்து வளர்ந்து தாயானார்.

சற்று மென்மையான வகை ஆப்பிரிக்காவின் சோமாலியாவில் மேலும் இரண்டாண்டு நீடித்தது. மெர்க்கா நகர மருத்துவமனையில் சமையற்காரராயிருந்த அலி மாவ் மாலின் என்ற 23 வயது இளைஞர், 1977 அக்டோபரில் ஒருநாள், நோய் கண்ட இரு குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறிக்கொண்டார். சில நிமிடப் பயணந்தான். ஊசி வலிக்கும் என்று அஞ்சி அவர் அம்மை குத்திக்கொள்ளவில்லை! அக்குழந்தைகளில் ஆறு வயதுப் பெண் இரண்டு நாளில் இறந்தாள். அக்டோபர் 26இல் மாலினுக்கு முத்து எழும்பிற்று. அவரைச் சுற்றி இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 55,000 பேருக்குக் குத்தினார்கள். அவர் பிழைத்தார், அவருக்குப்பின் இயற்கையாக இந்நோய் எவருக்கும் வரவில்லை. மறு ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஆய்வுக்கூடத்துக் கிருமியால் ஒரு பெண்மணி இறந்தது தனிக்கதை. இன்று கிருமி அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள இரண்டு ஆய்வுக்கூடங்களில் மட்டும் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. அதையும் அழித்துவிடலாமா என்ற வாதம் பல ஆண்டுகளாக முடியாமல் நீள்கிறது. அழித்துவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

மாலின் நலமடைந்தபின் மீண்டும் தம் தொழிலுக்குப் போனார். பல ஆண்டுகள் கழித்து, சோமாலியாவில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, தாமாக முன்வந்து போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து வேண்டாம் என்று மறுக்கும் தாய்மாரிடம் சென்று உட்காருவார். ஊசிக்குப் பயந்து ஓடிய கதையையும், அதனால் தாம் பட்ட பாட்டையும் சொல்லுவார். பெரியம்மை கடைசியாக நின்ற நாடு எங்கள் நாடு, போலியோவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பார். அவர் சொன்னால் கேட்டார்களாம். 2013ஆம் ஆண்டு ஜூலையில், அப்பணியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோதே மலேரியாக் காய்ச்சல் கண்டு இறந்தார்.